ஊகிக்க முடியாத இரவுகளுக்கு நன்றி

பாசிர் கூடாங்,
ஆகஸ்டு 2025

ஜொகூர் டாருல் தாக்சிம் அணியின் ஆட்டக்காரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும், புல் வெட்டுகிறவர் முதல் பேருந்து ஓட்டுகிறவர் வரை அந்த அணிக்காக உழைக்கும் அத்தனை பேருக்கும்,

புதிய பருவம் பிறக்கிறது. இந்த நேரத்தில் ரசிகன் எழுதும் மடல் பெரும்பாலும் கோரிக்கைப் பட்டியலாகத்தான் இருக்கும். இவரை விட்டுவிடாதீர்கள், அவரை வாங்குங்கள், இடப்பக்கத் தற்காப்பைச் சரிசெய்யுங்கள் என்று நீளும். இந்த மடலின் பின்பாதியிலும் அப்படிச் சில வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நன்றி. கிண்ணம் வாங்கிய மறுநாள் ஊரே நன்றி சொல்லும். பந்து உருளத் தொடங்குமுன், புள்ளிப் பட்டியலில் எல்லாருக்கும் பூஜ்யமாக இருக்கும் நாளில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

உங்களில் பலர் ஸ்பெயினிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்கள். நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் வேர் எங்கள் ஊரில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாசிர் கூடாங்கை வெளியூரார் புகைபோக்கிகளை வைத்து அடையாளம் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பட்டத் திருவிழாவையும், 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்த ஓடுதளத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். காற்பந்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவு யார் வாயிலும் வருவதில்லை.

1972இல் ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் தன் பெயரிலேயே, பி.கே.இ.என்.ஜே. என்று, ஓர் அணியைத் தொடங்கியது. பாசிர் கூடாங்கைத் துறைமுக நகரமாக எழுப்பியதும் அதே கழகம்தான். 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2008இல் நகராண்மைக் கழகம் வரும்வரை, எங்கள் குப்பையை அள்ளியதும் தெருவிளக்கை எரியவைத்ததும் அந்தக் கழகத்தின் நிர்வாகமே. துறைமுகம், ஊர், காற்பந்து அணி மூன்றுக்கும் ஒரே முதலாளி. அந்த அணி பின்னாளில் ஜொகூர் எஃப்.சி. ஆகி, எங்கள் பாசிர் கூடாங் விளையாட்டரங்கில் ஆடியது. 2013இல் அதுவே டாருல் தாக்சிம் ஆனது.

அந்தப் பழைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறோம். ஷிஃப்டு முடிந்து, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்வோம். டிக்கெட்டுக்கு வரிசை கிடையாது. கோல் விழுந்தால், கத்துகிறவர் யார் யார் என்று பெயர் சொல்லிவிடலாம். அவ்வளவுதான் கூட்டம். மாநிலத்தின் பாசமெல்லாம் ஜொகூர் பாருவின் லார்கின் அரங்கில் ஆடிய ஜொகூர் மாநில அணிக்கே. 1985இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது அது. 1991இல் மைக்கல் உருகாலோவின் பயிற்சியில் லீக்கையும் வென்று, இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என்று சாய்த்து மலேசியக் கிண்ணத்தையும் வாங்கியது. எங்களை மற்ற ஊர்க்காரர்கள் ‘கம்பெனி டீம்’ என்பார்கள். பருவத் தொடக்கத்தில் மாமாக் கடையில் உட்கார்ந்து நாங்கள் சொன்ன ஆரூடமெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இந்த வருஷம் தப்பிப்போமா?

2012இல் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் அவர்கள் வந்தார்கள். மாநிலத்தில் ஆளுக்கொரு பக்கமாக இருந்த அணிகளை ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தார்கள். 2008இல் ஸ்பெயினுக்காக ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்த டானி குயிசா ஜொகூருக்கு வந்து இறங்கினார். அடுத்து பாப்லோ அய்மார் வந்தார். சிறுவயதில் மெஸ்ஸி யாரைப் பார்த்து ஏங்கினாரோ, அந்த அய்மார்! காயம் அவரை அதிக நாள் ஆடவிடவில்லை. ஆனாலும் அவர் பெயரை எங்கள் தாமான் பிள்ளைகள் சட்டை முதுகில் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். பணத்தால் வாங்கிய ஆடம்பரம் என்று அப்போது சிலர் முகம் சுளித்தது உண்மை. கிளாங்கிலும் ஈப்போவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ‘உங்க டீம் என்னப்பா, இப்படி?’ என்று தொலைபேசியில் கேட்டது எங்களுக்குப் புதிய சுகம். அதற்கு முன் எங்கள் அணியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2014இல் முதல் சூப்பர் லீக் பட்டம். அதன்பின் இந்த 2024-25 பருவம்வரை ஓர் ஆண்டும் விடாமல், தொடர்ந்து 11 பட்டங்கள். 2017, 2019, 2022, 2023, பிறகு இந்த ஆண்டு ஏப்ரல் என ஐந்து மலேசியக் கிண்ணங்கள். 2023 லீக்கில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் நன்றி. அதை ஒரு வரியில் சொல்லி நகர்வதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வெற்றிகள் எங்கள் மாமாக் கடைப் பேச்சைக் கொஞ்சம் சுவையற்றதாக்கிவிட்டன. இப்போது யாரும் ‘ஜெயிப்பார்களா?’ என்று கேட்பதில்லை. ‘எத்தனை கோல்?’ என்றுதான் கேட்கிறார்கள். தே தாரேக்குப் பந்தயம் கட்டுவதென்றால் கோல் வித்தியாசத்தில்தான் கட்ட முடிகிறது.

ஆகவே என் முதல் நன்றி, எந்த மேசையிலும் எந்தப் பெரியவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாத சில இரவுகளுக்கு.

2015 அக்டோபர் 31. தஜிகிஸ்தானின் துஷான்பே நகரம். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தின் இறுதியாட்டம், அதுவும் எதிரணியான இஸ்திக்லாலின் சொந்தத் திடலில். அந்த ஊரை உலக வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நேரம் ஆனது. லியாண்ட்ரோ வெலாஸ்கஸ் அடித்த ஒரே கோலில் நீங்கள் வென்றீர்கள். அந்தக் கிண்ணத்தை அதுவரை தென்கிழக்காசியக் கழகம் எதுவும் தொட்டதில்லை. தாய்லாந்து தொடவில்லை, சிங்கப்பூர் தொடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வரும் எங்கள் ஆட்கள் அடுத்த வாரம் முழுவதும் சற்று நிமிர்ந்தே நடந்தார்கள்.

அடுத்தது 2019. அந்த ஆண்டை நீங்கள் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடிய முதல் மலேசியக் கழகம் என்று நினைவில் வைத்திருப்பீர்கள். எங்களுக்கு அது வேறு ஆண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவின் நெடி காற்றில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூச்சு முட்டி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி தேடினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. முகக்கவசம் என்ற சொல் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போவதற்கு ஓராண்டு முன்பே எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. தொலைக்காட்சியில் ‘பாசிர் கூடாங்’ என்று கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஊரை விட்டுப் போய்விடலாமா என்று பேசாத குடும்பம் குறைவு.

அந்த மே 8ஆம் தேதி லார்கினுக்கு ஜப்பானின் காஷிமா ஆன்ட்லர்ஸ் வந்தது. 2018இன் ஆசிய வெற்றியாளர் அவர்கள்தாம். லார்கினுக்கும் ஜப்பானுக்கும் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு. 1997 நவம்பரில் ஈரானைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று, ஜப்பான் முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது அதே திடலில்தான். அந்த இரவை ஜப்பானியர்கள் இன்றும் ஜொகூர் பாருவின் பெயர் சொல்லியே கொண்டாடுகிறார்கள். அங்கே நீங்கள் ஆசிய வெற்றியாளரை 1-0 என்று தோற்கடித்தீர்கள். கோல் ஷாஃபிக் அகமட்டுடையது. ஆற்றை அது சுத்தமாக்கவில்லை, யாருக்கும் இழப்பீடு வாங்கித் தரவில்லை. ஜூனில் பிள்ளைகள் மறுபடியும் மூச்சுத் திணறினார்கள். ஆனால் இரண்டு மாதமாக நோயையும் புகாரையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஓர் ஊர், அந்த ஒரு வாரம் பந்தைப் பற்றிப் பேசியது. அதன் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது 2022 ஏப்ரல். கொரியாவின் உல்சான், ஜப்பானின் கவாசாக்கி, சீனாவின் குவாங்சோ இருந்த குழுவில் நீங்கள் முதலிடம். உல்சானை இரண்டு முறையும் 2-1. அதே குழுவில் கவாசாக்கியிடம் 0-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அணி, அடுத்த ஆட்டத்திலேயே எழுந்து நின்று 13 புள்ளியோடு குழுவை முடித்தது. நாக்கவுட் சுற்றுக்குப் போன முதல் மலேசியக் கழகம் நீங்கள்தாம். அங்கே உராவாவிடம் மறுபடியும் 0-5. அந்தத் தோல்விக்கும் நன்றி. ஆசியாவின் உச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை உள்ளூரில் எத்தனை கிண்ணம் வாங்கினாலும் தெரிந்துகொள்ள முடியாது.

தோல்வி என்றதும் 2021 நினைவுக்கு வருகிறது. மலேசியக் கிண்ண இறுதியில் கோலாலம்பூர் சிட்டி உங்களை 2-0 என்று வென்றது. அவர்களின் பயிற்றுநர் போயான் ஹோடாக். 2014இல் உங்களுக்கு முதல் லீக் பட்டத்தை வாங்கித் தந்த அதே ஹோடாக்! அன்று எங்கள் மேசையில் பலருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கோ, காற்பந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

இன்னொரு நன்றி, தமிழன் என்ற முறையில். இந்த நாட்டின் காற்பந்தில் நம் பெயர்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்ற காலத்தில் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த அணியில் வலப்பக்கம் பறந்த எஸ். குணாளன் 2015இல் உங்களிடம் வந்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்தவரைப் பின்னால் இழுத்துத் தற்காப்பில் நிறுத்தினீர்கள். அவர் ஓட்டம் குறையவில்லை, நீளம்தான் கூடியது. லார்கின் அரங்கில் அவர் பெயரைச் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து கத்தும்போது எங்கள் வீட்டுப் பையன்கள் திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். குணாளன் தம்பி, உனக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சரி, இனி ஆரூடத்துக்கு வருவோம். ஊகம் சொல்லாத ரசிகன் உண்டா?

லீக் உங்களுடையதே. பன்னிரண்டாவது பட்டமும் வரும். 13 அணிகள், 24 ஆட்டங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான ஒதுக்கீடு கூடியிருப்பதால், ஆள்பலம் உள்ள உங்களுக்கே அது அதிகம் உதவும். வாட்ஃபர்டை இங்கிலாந்தின் முதல்நிலைக்கு ஏற்றிய சிஸ்கோ முன்யோஸ் பொறுப்பேற்றிருக்கிறார். புதிய பயிற்றுநர் வந்தால் முதல் மாதங்களில் ஒரு தடுமாற்றம் இருக்கும். அதனால் இந்தப் பருவம் தோல்வியே இல்லாமல் முடியாது என்பது என் கணிப்பு. சறுக்கப் போவது சிலாங்கூரிடமாக இருக்காது. அவர்களுக்கு எதிராக நீங்கள் தூங்கி எழுந்தும் நன்றாக ஆடுவீர்கள். விமானத்தில் கடல் தாண்டிப் போகும் ஆட்டங்களில்தான் எனக்குப் பயம்: கூச்சிங், கோத்தா கினபாலு, இந்தப் பருவம் புதிதாகச் சேர்ந்திருக்கும் புருணையின் டி.பி.எம்.எம். ஆசிய ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் அங்கே போய் இறங்கும்போது கால் கனக்கும்.

கிண்ணப் போட்டிகளைச் சொல்ல முடியாது. ஒரு கெட்ட இரவு போதும். இரண்டில் ஒன்று கைவிட்டுப் போகலாம். ஆசியாவில்தான் என் பெரிய பந்தயம். போன பருவம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலீட்டில் உல்சானை 3-0 என்று நொறுக்கினீர்கள், லீக் சுற்றை அழகாகத் தாண்டினீர்கள். பிறகு பதினாறு அணிச் சுற்றில் இரண்டு ஆட்டம் சேர்த்து ஒரே ஒரு கோலில் புரிராமிடம் வெளியேறினீர்கள். இம்முறை அந்தச் சுற்றைத் தாண்டுவீர்கள், கால் இறுதி உறுதி. நிபந்தனை ஒன்று: அரிஃப் அய்மானின் கால்கள். 2021 முதல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிக் குவிக்கும் அந்தப் பிள்ளையை, 5-0 என்று முன்னிலையில் இருக்கும் லீக் ஆட்டத்தில் 90 நிமிடமும் ஓடவிடாதீர்கள். அவரை ஆசியாவுக்குச் சேமித்து வையுங்கள்.

இனி கோரிக்கைகள். நன்றி சொன்னவனுக்கு அந்த உரிமை உண்டு.

முதல் கோரிக்கை, எதிரிகளைப் பற்றியது. 2014 மலேசியக் கிண்ண இறுதியில் பினால்டியில் உங்களை அழவைத்த பகாங் இந்தப் பருவம் லீக்கில் இல்லை, விலகிவிட்டது. 1921இலிருந்து பெயர் சொல்லி வந்த பேராவும் விலகிவிட்டது. 2017இலும் 2019இலும் இறுதியாட்டத்தில் நீங்கள் வென்ற கெடா சூப்பர் லீக்கில் இல்லை. சம்பள பாக்கியும் கடனும் ஒவ்வொன்றாகத் தின்கின்றன. இது உங்கள் குற்றமில்லை. மாதச் சம்பளம் தவறாமல் வரும் கழகம் என்றால் ஆட்டக்காரர்கள் முதலில் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தள்ளாடுகிறவர்களை மட்டும் தோற்கடித்துக்கொண்டே போனால் உங்கள் பட்டங்களும் இளைத்துப் போகும். இந்த நாட்டுக் காற்பந்தில் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது. சம்பளத்துக்கு உத்தரவாதம் காட்டாத கழகத்துக்கு உரிமம் இல்லை என்ற விதி கறாராக நடைமுறைக்கு வர அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். உங்கள் மாற்று வரிசையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நல்ல உள்ளூர் ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கடனாக அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்து உங்களுக்கே கோல் போட்டாலும் பரவாயில்லை. நான் கைதட்டுவேன்.

இரண்டாவது, நம் பிள்ளைகள். தோட்டங்கள் இருந்த காலத்தில் லயத்துக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது. மாலையானால் பால்வெட்டு முடித்த அப்பாக்களும் பள்ளி முடித்த மகன்களும் அங்கே ஆடினார்கள். தோட்டம் தாமான் ஆனது, திடல் கார் நிறுத்துமிடம் ஆனது. குணாளனுக்குப் பின் உங்கள் முதல் அணியின் பட்டியலில் நம் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. யாரையும் இனம் பார்த்துச் சேர்க்கச் சொல்லவில்லை. அது காற்பந்துக்கும் அவமானம், பிள்ளைக்கும் அவமானம். உங்கள் தேடலாளர்கள் மாசாய், பாசிர் கூடாங் பகுதித் தமிழ்ப்பள்ளிகளின் போட்டிக்கும் ஒரு மாலை வந்து வேலியோரம் நிற்கட்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் மனம் ஒப்பும். பார்க்காமலே விட்டால்தான் வலிக்கும்.

மூன்றாவது கோரிக்கை சுயநலமானது. இஸ்கண்டார் புத்ரியில் 40,000 பேர் உட்காரும் சுல்தான் இப்ராகிம் அரங்கம் அழகுதான். வாழை இலையை மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார்கள் என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் அதற்கு உடனே ஓட்டு விழுந்தது. ஆனால் அது ஜொகூர் பாருவின் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி. இரவு ஷிஃப்டுக்குப் போகிறவன் நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி அங்கே வந்து திரும்ப முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை, பருவத் தொடக்கத்தின் நட்புமுறை ஆட்டம் ஒன்றைப் பாசிர் கூடாங் விளையாட்டரங்கில் ஆடுங்கள். பெரிய எதிரணி வேண்டாம். உங்கள் முதல் அணியும் இரண்டாம் அணியும் மோதிக்கொண்டால்கூடப் போதும். ‘கம்பெனி டீம்’ காலத்தில் வெறும் பலகையில் உட்கார்ந்து கத்தியவர்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். டிக்கெட்டுக்குக் காசு வாங்குங்கள், தவறில்லை. இந்தமுறை வரிசை இருக்கும்.

உடல் நலம் பேணுங்கள். தோற்றால் திடலுக்கு நடுவில் நின்று ரசிகர்களுக்குத் தலைவணங்குங்கள். வென்றால் எதிரணியின் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். மேலே எழுதியிருக்கும் ஆரூடங்களை மாமாக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்: பன்னிரண்டாவது லீக் பட்டம், ஒரு தோல்வி, ஒரு கிண்ணம், ஆசியக் கால் இறுதி. இவற்றில் எதையாவது பொய்யாக்குவதாக இருந்தால், கடைசியில் இருப்பதைப் பொய்யாக்குங்கள். கால் இறுதியோடு நிற்காதீர்கள்.


துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பழைய ரசிகன்
பாசிர் கூடாங்